எங்கள் ஆடு வளர்ப்போர் மாத இதழுக்கு உருப்படியான வாசகர் கருத்து வாங்குவது எப்படி?

கொட்டில்காரன் (குறிஞ்சிப்பாடி) கேட்கிறார்:

வணக்கம். கடலூர்ப் பக்கமும் புதுச்சேரிப் பக்கமும் வெள்ளாடு, செம்மறி வளர்ப்பவர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். முந்நூறு பேர் போல இருப்பார்கள். மாதம் ஒரு இதழ் போடுகிறோம். இதழ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்த எட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை. எனக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது, தமிழில் தட்டச்சும் வரும். அந்த இரண்டு பாவத்துக்காக ஆசிரியர் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் பக்கம் தலைவர் உரை. அடுத்து ஏதாவது ஒரு நோய் பற்றிக் கட்டுரை. நடுப்பக்கம் இரண்டிலும் யாராவது ஒரு உறுப்பினரின் பண்ணை அறிமுகம், படங்களோடு. அப்புறம் அரசுத் திட்டங்கள், சந்தை விலை, கேள்வி பதில். கடைசிப் பக்கம் கிடா விற்பனைக்கு, சினை ஆடு தேவை மாதிரி வரி விளம்பரங்கள்.

இதில் எது படிக்கப்படுகிறது, எது வீண் என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டால் யாரும் சொல்வதில்லை. வருஷக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக் கேட்டேன். "அருமையா இருக்கு சார், நிறுத்திடாதீங்க" என்று கை தட்டினார்கள். கூகுள் படிவம் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நிரப்பியவர்கள் பெரும்பாலும் செயற்குழு ஆட்கள். அத்தனை பேரும் 'மிகவும் பயனுள்ளது' என்ற கட்டத்தைத் தட்டியிருந்தார்கள். கருத்து எழுதும் இடத்தில் ஒருவர் 'வாழ்க வளமுடன்' என்று எழுதியிருந்தார். சரி, குழுவிலேயே வாக்கெடுப்பு வைப்போம், உங்களுக்குப் பிடித்த பகுதி எது என்று வைத்தேன். தலைவர் முதல் ஆளாக வந்து 'தலைவர் உரை'க்கு ஓட்டுப் போட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதற்கே போட்டார்கள்.

இதற்கிடையில் காகித விலை ஏறிக்கொண்டே போகிறது. பொருளாளர், "பிடிஎஃப் மட்டும் குழுவில் போட்டுவிட்டால் என்ன?" என்கிறார். போதுமா, போதாதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முகத்தாட்சண்யம் இல்லாத பதில் வாங்க என்ன வழி? இதழ் நடத்தியவர்கள், இதழ் வாங்குகிறவர்கள், வாங்கிப் படிக்காமல் வைக்கிறவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.


சைக்கிள்_பையன் (புதுச்சேரி):

அண்ணா, வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு எல்லோருக்கும் தெரியும். தலைவர் இருக்கும் குழுவில் அது வேலைக்கு ஆகாது. கூகுள் படிவமே மேல், ஆனால் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் எதையும் கேட்காதீர்கள். ஐந்து கேள்விக்கு மேல் போனால் பாதியிலேயே மூடிவிடுவார்கள். பதில் போடுகிறவர்களில் ஒருவருக்குக் குலுக்கல் முறையில் தாது உப்புக் கட்டி தரலாம், கூட்டம் வரும்.


ஓய்வுபெற்ற_ஆய்வாளர் (நெல்லிக்குப்பம்):

பெயரே கேட்காமல் குலுக்கலில் பரிசை யாருக்குக் கொடுப்பது தம்பி? அது இருக்கட்டும்.

குறிஞ்சிப்பாடித் தம்பிக்கு: நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். துண்டறிக்கை கொடுத்துக் கொடுத்தே பாதி வேலைக்காலம் போயிற்று. நான் கொடுத்த காகிதம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கும் கெட்ட பழக்கமும் எனக்கு உண்டு. அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் பரிமாறுகிறவரே நின்று "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் இலையில் உட்கார்ந்திருப்பவர் உப்பு கம்மி என்றா சொல்வார்? நீங்கள் மைக்கில் கேட்டதும் அதுதான், படிவத்தில் கேட்டதும் அதுதான். பெயரை எடுத்துவிட்டாலும் 'பயனுள்ளதா' என்ற கேள்விக்கு வேறு பதில் வராது. ஆகவே கருத்தைக் கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

என்னுடைய முதல் கேள்வி இது: "போன மாச புஸ்தகம் இப்ப வீட்டுல எங்க இருக்கு?" டிவி பெட்டிக்குக் கீழே, பீரோவுக்கு மேலே, பிள்ளை நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டான், அடுப்புப் பற்றவைக்கப் போயிற்று, எந்தப் பதில் வந்தாலும் அது உண்மையான பதில். யாரும் இதில் உங்களைப் புகழ முடியாது பாருங்கள். ஆட்டுக் கொட்டகைக் கூரையில் சொருகியிருக்கிறது என்றால் எழுந்து போய் எந்தப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் கொடுத்தவற்றில் கொட்டகை வரைக்கும் போய்ச் சேர்ந்தது தடுப்பூசி அட்டவணை ஒன்றுதான். வழவழ தாளில், வண்ணப் படத்தோடு வந்த விளக்கக் கையேடுகள் எல்லாம் அலமாரியில் மரியாதையாக இருந்தன.

இரண்டாவது, "அதுல இருந்து எதையாவது செஞ்சு பார்த்தீங்களா?" இல்லை என்பார்கள். ஏன் என்று கேட்டுவிடாதீர்கள், உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மாதம் ஆட்டுக்கு என்ன தொந்தரவு இருந்தது, யாரிடம் போய்க் கேட்டீர்கள் என்று கேளுங்கள். உங்கள் இதழ் எந்த மாதத்தில் எதைச் சொன்னது, அவர்களுக்கு எந்த மாதத்தில் எது தேவைப்பட்டது என்கிற இடைவெளி அங்கே தெரிந்துவிடும். துள்ளுமாரிக்கு (இளம்புல்லை அளவுக்கு மீறி மேய்ந்த ஆடு திடீரென்று சாகிற நோய்) ஊசி மழைக்கு முன்னால் போட வேண்டும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கிறது. இளம்புல் முளைத்து, ஆடு வயிறு முட்ட மேய்ந்த பிறகு நவம்பர் இதழில் துள்ளுமாரிக் கட்டுரை வந்தால், கட்டுரை நன்றாகவே இருக்கும். ஆடு இருக்காது. 'பயனுள்ளது' என்று டிக் போட்டவரும் பொய் சொல்லவில்லை, கட்டுரை பயனுள்ளதுதானே!

மூன்றாவதாக, "யாரு படிச்சாங்க?" இதுதான் முக்கியம் என்பேன். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடு கொடுத்தார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் இன்றைக்கு நிற்கும் மந்தை அந்த நான்கிலிருந்து பெருகியதுதான். ஆட்டைப் பார்ப்பது அந்த அம்மாள். சங்கப் பதிவேட்டில் இருப்பதோ வீட்டுக்காரர் பெயர். குழுவில் இருப்பதும் அவர் நம்பர். பிடிஎஃப் அவர் போனில், அவர் மேஸ்திரி வேலைக்குத் திருப்பூரில். அச்சிட்ட தாளாவது வீட்டுத் திண்ணையில் கிடக்கும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண் அம்மாவுக்குப் படித்துக் காட்டும். உங்கள் பொருளாளர் கேட்ட கேள்விக்கு விடை இந்த மூன்றாவது கேள்விக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கே வைத்துக் கேட்பது? கூட்டத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமை வேப்பூர் ஆட்டுச் சந்தைக்குப் போங்கள். அங்கே ஆள் தன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார், எங்கேயும் ஓட முடியாது. முதலில் ஆட்டைப் பற்றிப் பேசுங்கள். நோட்டையும் பேனாவையும் பையிலேயே வைத்திருங்கள், எடுத்தால் ஜனங்கள் பேச்சு மாறிவிடும். டீக்கடையில் வந்து உட்கார்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது, அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை வெள்ளமும் வந்தது. அந்த வாரம் உங்களுக்கு எத்தனை போன் வந்திருக்கும்? என்னென்ன கேட்டார்கள் என்று நினைவு இருக்கிறதா? ஓய்வு பெற்ற எனக்கே வந்தன. நனைந்த குட்டியை எப்படிக் காயவைப்பது, ஊறிப்போன கடலைக்கொடியைப் போடலாமா, சேற்றில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு நாறுகிறது என்ன செய்ய. ஒருவர்கூடப் பரண் (ஆடு நிற்க உயரத்தில் போடும் தளம்) அமைக்கும் முறை பற்றிக் கேட்கவில்லை. உங்களுக்குப் படிவம் தேவையில்லை தம்பி, போன் வருகிறபோதெல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டு வேண்டும்.


கொட்டில்காரன்:

ஐயா, நன்றி. முதல் கேள்வியை இன்று காலை வீட்டிலேயே கேட்டுப் பார்த்தேன். அம்மா கடைசித் தாளை மட்டும் கிழித்துக் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். "அதுலதான் கிடா வச்சிருக்கிறவங்க நம்பர் இருக்கு" என்றார். மீதி இதழ்? "நீதானே எழுதுற, நான் வேற படிக்கணுமா?" ஆசிரியரின் தாயாரே இப்படி.

கூட வேலை செய்யும் பையனிடம், யாராவது இதழைக் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தார்களா என்று விசாரித்தேன். ஒரே ஒரு பக்கத்தை அடிக்கடி எடுத்துப் போகிறார்களாம்: தடுப்பூசி எந்த மாதம் எது என்று ஜனவரியில் போட்ட கட்டம். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, கோமாரி எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கும். கடைக்காரன் என்ற முறையில் இது என் கண்ணிலேயே பட்டிருக்கும், ஆனால் கல்லாவில் உட்கார்ந்தால் நாம் ரூபாயைத்தானே பார்க்கிறோம்.

சைக்கிள் தம்பி, பரிசு வேண்டாம் என்று தோன்றுகிறது. உப்புக் கட்டிக்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்வார்கள்.

எனக்கு ஒரு யோசனை. அஞ்சலட்டை விலை குறைவுதான். என் முகவரியை ரப்பர் ஸ்டாம்பில் குத்தி, ஒரே ஒரு கேள்வியை அச்சடித்து இதழோடு பின் அடித்து அனுப்பினால் என்ன? பெட்டியில் போட்டால் வந்துவிடும். எழுத்து வராதவர்கள் படத்தின் மேல் ஒரு கோடு கிழித்தால் போதும் என்கிற மாதிரி செய்யலாம்.


நிகழ்தகவு (அண்ணாமலைநகர்):

அட்டை யோசனை நல்லதுதான், ஒரு எச்சரிக்கையோடு. நான் புள்ளியியல் பாடம் நடத்துகிறவன். இதே அட்டையால் கவிழ்ந்த ஒரு பத்திரிகையின் கதையை ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்று ஒரு வார இதழ். அதிபர் தேர்தலுக்கு முன்னால் வாக்காளர்களுக்கு அட்டை அனுப்பி, திரும்பி வருவதை எண்ணி, யார் ஜெயிப்பார் என்று சொல்லும். 1916இலிருந்து 1932 வரை சரியாகவே சொன்னது. 1936இல் ஒரு கோடி அட்டை அனுப்பினார்கள். இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். அன்றிருந்த 48 மாநிலங்களில் 46ஐ அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் எடுத்துக்கொண்டார். அதே தேர்தலில், அவர்களைவிட மிகமிகக் குறைந்த பேரைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். டைஜஸ்ட் 1938இல் மூடப்பட்டது.

என்ன நடந்தது? முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவு போன்றவற்றிலிருந்து எடுத்தார்கள். அந்தப் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அட்டை கிடைத்தவர்களிலும் மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் ஒரு மாதிரியானவர்கள், அனுப்பாதவர்கள் வேறு மாதிரி. உங்களுக்கு முந்நூறு அட்டையில் நாற்பது திரும்பலாம். அந்த நாற்பது பேரும் உங்கள் இதழை ஏற்கெனவே விரும்புகிறவர்களாகவோ, உங்களோடு ஏதாவது சண்டை உள்ளவர்களாகவோ இருப்பார்கள். நடுவில் இருக்கிறவர் பேச மாட்டார்.

ஆகவே அட்டையையும் அனுப்புங்கள், அதோடு இதையும் செய்யுங்கள். உறுப்பினர் பதிவேட்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு முதல் பதினைந்து பெயரில் ஒன்றின் மேல் விரலை வையுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பதினைந்தாவது பெயர். இருபது பேர் வருவார்கள். அந்த இருபது பேரையும் நேரிலோ போனிலோ பிடித்தே ஆக வேண்டும். எடுக்கவில்லை என்றால் மறுபடி, அப்புறம் மறுபடி. 'இவர் பேச மாட்டார், பக்கத்துப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்' என்று மாற்றினீர்களோ, டைஜஸ்ட் கதைதான். ஆய்வாளர் ஐயா சொன்ன சந்தையும் நல்ல இடம், ஆனால் சந்தைக்கு வருகிறவர் விற்கிறவர், வாங்குகிறவர். பெரும்பாலும் ஆண்கள். அவர் மூன்றாவது கேள்வியில் சொன்ன அந்த அம்மாள் வேப்பூரில் கிடைக்க மாட்டார்.

இருபது பேரை வைத்துச் சதவீதம் போட்டுச் செயற்குழுவில் வாசிக்காதீர்கள். அதற்கு அது போதாது. ஆனால் ஒரே குறையை ஏழெட்டுப் பேர் தாங்களாகவே சொன்னால், அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.


மூணு_ஆட்டுக்காரி (பாகூர்):

அண்ணா, நீங்கள் எந்த இதழைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு ஆட்டுப் படம் வருமே, அதுதானே? முதலில் அதை எடுங்கள். எழுத்து எது, ஆட்டின் கால் எது என்று தெரியவில்லை. எழுத்தும் பொடி. என் மாமியார் கண்ணாடி போட்டும் எழுத்துக் கூட்ட முடியாமல் என்னிடம் கொடுத்துவிடுவார். மூன்று ஆடு என்று பெயர் வைத்திருந்தாலும் இப்போது பதினொன்று நிற்கிறது.

நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

ரத்தம் உறிஞ்சும் குடற்புழு இருக்கிறதா என்று அறிய ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும், உள்பக்கம் சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் புழு என்று ஒரு கட்டுரை போட்டீர்கள். நல்ல கட்டுரை. பக்கத்திலேயே இரண்டு கண் படம். இரண்டும் சாம்பல் நிறம்! கறுப்பு வெள்ளையில் எதைச் சிவப்பு என்று பார்ப்பது? படத்தை வைத்துக்கொண்டு நானும் என் ஆடும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு பக்கத்தையாவது கலரில் அடித்திருக்கலாம். இல்லையென்றால் அந்தப் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். பிடிஎஃப் எதற்கு உதவும் என்று கேட்டால் இதற்கு உதவும்.

அரசுத் திட்டங்கள் பக்கம். முள்ளோடை எல்லை தாண்டினால் புதுச்சேரி, எங்களுக்கு வேறு அரசு, வேறு துறை. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆட்கள் உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வருகிற மானியச் செய்தி எல்லாம் தமிழ்நாட்டுக்கு. விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்கு நான் போய், 'உங்களுக்கு இங்கே கிடையாதும்மா' என்று திருப்பி அனுப்பப்பட்டேன். ஒவ்வொரு செய்திக்கும் தலையில் 'தமிழ்நாடு' அல்லது 'புதுச்சேரி' என்று ஒரு வார்த்தை போட்டால் பஸ் காசு மிச்சம். மருத்துவமனை முகவரியும் கடலூரிலேயே இருக்கிறது. நாங்கள் ஆட்டுக்கு ரொம்ப முடியவில்லை என்றால் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் ஓடுகிறோம். அதையும் போடுங்கள்.

சந்தை விலையில் 'கிடா ஒன்று இவ்வளவு முதல் இவ்வளவு வரை' என்று எழுதுகிறீர்கள். என்ன எடை? என்ன வயது? வீட்டுக்கு வரும் வியாபாரி கண் மதிப்பில் ஒரு விலை சொல்கிறார். நான் எதை வைத்துப் பேரம் பேசுவது? உயிர் எடை கிலோவுக்கு எவ்வளவு என்று ஒரு வரி போடுங்கள், அதுவே போதும்.

பண்ணை அறிமுகம் எனக்குக் கதை படிக்கிற மாதிரி. லட்சக்கணக்கில் போட்டுப் பரண் கட்டியவர், தலைச்சேரி இன ஆடு இறக்கியவர், போயர் இன ஆடு இறக்கியவர். நல்லது, இருக்கட்டும். வரப்புப் புல்லையும் பூவரச இலையையும் வைத்து மூன்று ஆட்டைப் பதினொன்றாக்கியவர் வீட்டுக்கு ஒருநாள் வாருங்கள்.

கேள்வி பதில் ஒன்றைத்தான் நான் விடாமல் படிப்பேன். அதில் கேட்பவர்கள் என்னைப் போலக் கேட்கிறார்கள்.

தலைவர் உரை பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.


சைக்கிள்_பையன்:

அக்கா ஒரே பதிவில் கருத்துக்கணிப்பையே முடித்துவிட்டார்.


நிகழ்தகவு:

முடிக்கவில்லை. அவர் ஒருவர். எழுதத் தெரிந்தவர், இங்கே வந்து எழுதவும் செய்கிறார். நான் சொன்ன இருபது பேரில் அவர் மாதிரி மூன்று பேர் இருந்தாலே அதிசயம். ஆனால் ஒன்று, அந்த இருபது பேரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அவர் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.


சோரியாங்குப்பத்தான் (இப்போது ஆஸ்திரேலியா):

ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் இருப்பது விக்டோரியா மாநிலத்தில். இங்கே அல்பாகா வளர்க்கும் ஒரு சிறு குழுவின் செய்திமடலுக்கு வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். அல்பாகா என்றால் ஆண்டிஸ் மலைப்பக்கத்து விலங்கு, ஒட்டகக் குடும்பம், ரோமத்துக்காக வளர்ப்பது. ஆண்டுக்கு ஒருமுறை கத்தரிப்பார்கள். சினைக்காலம் பதினொரு மாதத்துக்கும் மேல், பிறப்பது ஒரே குட்டி. நம் வெள்ளாடு ஐந்து மாதத்தில் இரண்டு மூன்று போட்டுவிடும் என்றால் இங்கே வாயைப் பிளக்கிறார்கள்.

எங்கள் மடலில் பக்கம் பக்கமாக ரோமத்தின் மைக்ரான் கணக்கு (இழை எவ்வளவு மெல்லிசு என்பது), கண்காட்சிப் பரிசுகள் என்று வரும். எழுதுகிறவர்கள் எல்லாம் இனவிருத்தி செய்து விற்கிற பெரிய பண்ணைக்காரர்கள். கருத்துக் கேட்டால் அவர்களே பதிலும் போட்டு, அருமை என்பார்கள். ஒருமுறை, சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டார் எங்கள் செயலாளர் அம்மாள். அநேகமாக எல்லாரும் ஐந்தாறு அல்பாகா வைத்திருக்கிறவர்கள். நகம் எப்போது வெட்டுவது, புழு மருந்து எப்போது, வேனலில் கொட்டகைக்கு நிழல் எப்படி என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதிலும் பாகூர் அக்கா சொன்ன அதே ரத்தம் உறிஞ்சும் புழு, அல்பாகாவையும் விடுவதில்லை. படிக்கிறவர்களை எவ்வளவு கேட்டாலும் இது வெளியே வந்திருக்காது. விட்டுவிட்டுப் போனவர்கள்தான் சொன்னார்கள். உங்கள் சங்கத்திலும் சந்தா கட்டாமல் நின்றவர்கள் இருப்பார்களே, அந்தப் பக்கத்தைப் பதிவேட்டில் திருப்புங்கள்.

கேட்டு முடித்த பிறகு அடுத்த இதழிலேயே, யார் என்ன சொன்னார்கள், அதில் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன் என்று அரைப் பக்கம் போடுங்கள். மாற்றாததையும் போட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் இங்கே வாயே திறக்காதவர்கள் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள்.


கொட்டில்காரன்:

பாகூர் அக்காவுக்குக் கோபமெல்லாம் இல்லை. பின்னணி ஆட்டுப் படம் தலைவரின் மருமகன் போட்டுக் கொடுத்தது. அடுத்த இதழில் இருக்காது, என்ன காரணம் சொல்வது என்று மட்டும் யோசிக்க வேண்டும். கீழ் இமைப் படத்தை வண்ணத்தில் குழுவில் இன்றே போட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கும் வருகிறேன், கேமராவோடு.

இந்த மாதம் செய்யப்போவது: பதிவேட்டில் பதினைந்துக்கு ஒன்றாக இருபது பேர், அதோடு போன வருஷம் சந்தா கட்டாமல் நின்றவர்கள் அத்தனை பேரும். ஆண் பெயராக இருந்தால் "ஆட்டை யாரு பார்க்கிறாங்க, அவங்ககிட்ட போனைக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிப் பேசுவேன். பெண்களிடம் கேட்க என் மனைவி வருகிறேன் என்றிருக்கிறார், அவரிடம் என்னைவிடத் தாராளமாகப் பேசுவார்கள். அட்டையும் உண்டு. ஒரே கேள்வி: 'இந்த இதழில் எந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்தீர்கள்?' எட்டுப் பக்கத்தையும் சின்னச் சின்னக் கட்டமாக வரைந்துவிடுவேன், ஒன்றைச் சுழித்தால் போதும். ஒன்றையும் கிழிக்கவில்லை என்றால் சுழிக்க ஒன்பதாவதாக வெறும் கட்டம். கடையில் போன் பக்கத்தில் நோட்டு கட்டித் தொங்கவிட்டாயிற்று.

பேச வராதவர்களுக்கு, எழுதுவதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் குரலில் பேசி என் தனி எண்ணுக்கு அனுப்புங்கள் என்றும் சொல்லலாம் என்று இருக்கிறேன். வயதானவர்கள் எழுத மாட்டார்கள், பேசச் சொன்னால் பதினைந்து நிமிஷம் பேசுவார்கள். கேட்பது என் பாடு.

ஒன்றில் மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. தலைவர் உரையை யாரும் படிக்கவில்லை என்று இருபது பேரும் சொன்னால் (சொல்வார்கள்) அதை அவரிடம் எப்படிச் சொல்வது? மனுஷர் நல்லவர். சங்கத்துக்குத் தன் கைக்காசு நிறையப் போட்டவர். அரைப் பக்கத்தில் அதை அச்சில் போட எனக்கு மனசு வராது.


மூணு_ஆட்டுக்காரி:

அச்சில் போடாதீர்கள். உரையை எடுக்கவும் வேண்டாம். முதல் பக்கத்தில் தடுப்பூசிக் கட்டத்தையும் அந்த மாதம் செய்ய வேண்டியதையும் போட்டு, அதன் கீழே 'இந்த மாதம் தலைவர் சொல்வது' என்று நான்கு வரி. ஊசி போடச் சொல்லி அவரே சொல்கிற மாதிரி. படமும் இருக்கட்டும். அப்போது கொட்டகைக் கூரை வரை அவர் படம் போகும், அவருக்கும் சந்தோஷம்.


ஓய்வுபெற்ற_ஆய்வாளர்:

இந்தப் பெண்ணைத் துணை ஆசிரியராகப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, அச்சுச் செலவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பேராசிரியர் சொன்னது சரி, வேப்பூர் ஒன்றே போதாதுதான். இருந்தாலும் வருகிற வெள்ளிக்கிழமை நான் போகிறேன், கூட வாருங்கள். தீபாவளி, பக்ரீத் நெருக்கத்தில் போனால் ஒருவரும் பேச நிற்க மாட்டார்கள், இப்போது கூட்டம் குறைவு. விடியும் முன்பே அங்கே இருக்க வேண்டும். இதழ் ஒரு பத்துப் பிரதி எடுத்து வாருங்கள், தலைவருக்குத் தெரியாமல் முதல் பக்கத்தை மாற்றி அடித்த பிரதி.


கொட்டில்காரன்:

வருகிறேன் ஐயா. பிரதி இரண்டு மாதிரியும் எடுத்து வருகிறேன், பழையது ஐந்து, புதியது ஐந்து. எதை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கிறார்கள் என்று நீங்கள் பாருங்கள். நான் பார்த்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள்.